படி ஒன்று போதுமா?

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது நம் முன்னோர் மொழி. அணை போட்டதும் கடமை முடிந்துவிடுகிறதா? அது உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இன்றைய கணினி உலகுக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும்.

அன்புத் தோழியரே! "எல்லாம் கிளவுடில் இருக்கிறது, கவலை இல்லை" என்று நம்மில் பலர் சொல்கிறோம். கிளவுட் என்பது வானத்து மேகமன்று. எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், மின்சாரத்தால் ஓடும் பிறருடைய கணினியே அது. கட்டடம் என்றால் தீயும் உண்டு, வெள்ளமும் உண்டு.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில், அரசின் தகவல் மையத்து மின்கலங்களில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம் அழிந்தது. அதன் அளவு 858 டெராபைட். அவ்வளவு பெரியதற்கு வேறிடத்தில் படி எடுப்பது கடினம் என்று விட்டிருந்தார்கள். தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டுக்கே இந்த நிலை!

இந்தத் துயரம் தமிழருக்குப் புதிதன்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர் நீத்தார். அச்சு நூலின் பிரதி வேறெங்கேனும் கிடைக்கும். கட்டடத்தையும் மீண்டும் எழுப்பிவிட்டார்கள். ஆனால் வேறு படி இல்லாத ஓலைச்சுவடியை யார் எழுப்ப முடியும்?

சரி, இரண்டாவது படி இருந்தால் போதுமா? போதாது என்பேன். ஒரு கணினியில் எழுதுவதை உடனுக்குடன் இன்னொரு கணினியிலும் எழுதும் முறை உண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும், நல்லதே. ஆனால் அது முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது. முகத்தில் கரி பட்டால் கண்ணாடியிலும் கரிதான். தவறுதலாக நாம் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அது அழிந்துவிடும். ஆகவே நேற்றைய நிலை, சென்ற வார நிலை என்று தனித்தனியே எடுத்து வைத்த காப்புப் படிகளும் வேண்டும்.

அவையும் சரியாக இருக்கின்றனவா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் கணினி நிறுவனத்தில், இரவு வேளையில் ஒரு பொறியாளர் துணைக் கணினி என்று எண்ணி முதன்மைக் கணினியின் தரவுகளை அழித்துவிட்டார். காப்பு முறைகள் பல இருந்தும் அந்நேரத்தில் எதுவும் செம்மையாகக் கைகொடுக்கவில்லை. நாள்தோறும் படி எடுக்க வேண்டிய நிரல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு படியே அவர்களைக் காப்பாற்றியது.

பாடத்தைப் படித்துவிட்டேன் என்றால் நம் ஆசிரியைகள் விடுவதில்லை. திருப்பிச் சொல் என்பார்கள். காப்புப் படிக்கும் அதுவே தேர்வு. திறந்து பார்க்காத படி, திருப்பிச் சொல்லாத பாடம்.

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேற்றிடத்தில் என்பது கணினி வல்லுநர் கூறும் விதி. இதை நம் திருச்சபை காகிதக் காலத்திலேயே உணர்ந்திருந்தது. ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றைக் குறிக்கும் பங்கு ஏடுகளின் படியை ஆண்டுதோறும் ஆயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதித்தது. பங்குக் கோயிலில் தீப்பிடித்தாலும் பெயர்கள் பிழைத்திருக்கும் அல்லவா?

இதற்குச் செலவாகுமே என்று பெற்றோர் கேட்கலாம். மூன்றாவது படிக்கு ஆகும் செலவைக் கணக்கிடலாம்; பாட்டியின் ஒரே புகைப்படத்துக்கு விலை சொல்ல முடியுமா? பிறருடைய மதிப்பெண்களையும் சான்றிதழ்களையும் காப்பவர்களுக்கோ இது கடமையே ஆகும்.

ஆகவே தோழியரே, ஒவ்வொரு பருவ விடுமுறையிலும் ஒரு நாளை ஒதுக்குங்கள். உங்கள் காப்புப் படியிலிருந்து ஒரே ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் மகிழுங்கள், திறக்காவிட்டால் இன்னும் மகிழுங்கள், வெள்ளம் வருமுன்னே அணையின் ஓட்டையைக் கண்டுவிட்டீர்கள்!