தேய்ந்த ரோலும் தொழில் மையமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் அவர்களுக்கு,

நெல் மூட்டைகள் வந்து குவியும் பருவத்தில் நம் மாவட்டத்து ரைஸ் மில் எதற்குள் போனாலும் சுவரோரம் தேய்ந்துபோன ரப்பர் ரோல் கிடக்கும். உமி உரிக்கும் இயந்திரத்துக்குள் இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒன்று வேகமாக, மற்றது சற்றே மெதுவாக. அந்த வேக வித்தியாசம் நெல்லைத் தேய்த்து உமியைக் கழற்றுகிறது. ரப்பரின் நெகிழ்வு அரிசியை உடையாமல் காக்கிறது. வேகமாகச் சுற்றும் ரோல் முதலில் தேயும் என்பதால் மில்காரர் அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுவார். நெல்லின் ரகத்தையும் ரோலின் தரத்தையும் பொறுத்து 100, 150 டன் அரைத்ததும் அந்த ஜோடியின் ஆயுள் முடிந்துவிடும். புதுப் பெட்டியைப் பிரிப்பார்கள். எத்தனையோ மில்களில் அந்தப் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நம் மாவட்டத்து ஊர்ப்பெயர் எதையும் அவற்றின்மேல் கண்டதில்லை.

அதனால்தான் இந்த மடல். ரப்பர் காம்பவுண்டு கலக்கவும், அதை அச்சில் வார்க்கவும், வார்த்ததைச் சோதிக்கவும் ஒரு பொது வசதி மையத்தை, பயிற்சிப் பட்டறையோடு சேர்த்து, இம்மாவட்டத்தில் உங்கள் அலுவலகம் முன்னின்று அமைக்க வேண்டும். அதில் கல்வராயன்மலைப் பிள்ளைகளுக்கு முதலிடம் தர வேண்டும்.

இத்தனை நாள் கேட்காததை இப்போது கேட்பதற்கு உளுந்தூர்பேட்டைக்கு வரும் காலணி ஆலை காரணம். தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி புட்வேர் நிறுவனம் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில், 20,000 பேருக்கு வேலை தரும் காலணித் தொழிற்சாலையை இம்மாவட்டத்தில் அமைக்க 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. விளையாட்டுக் காலணியில் தரையைப் பற்றும் அடிப்பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனது. பிரஸ்ஸில் வைத்து அச்சில் வேகவைத்து எடுப்பது. ஆக, ரப்பர் மோல்டிங் நம் மாவட்டத்துக்குள் வருகிறது. நம் வீட்டுப் பெண்களும் பையன்களும் அந்த பிரஸ்களின் முன் நிற்பார்கள். சம்பளம் வரும், பி.எஃப். வரும், அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பத்து வருஷம் பொத்தானை அழுத்தியவருக்கு அந்த ரப்பரில் என்னென்ன கலந்திருக்கிறது, ஏன் இத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்பது தெரியாமலே போனால், அவர் கையில் வேலை மட்டும் இருக்கும், தொழில் இருக்காது. ஆலை நாளை வேறு மாநிலத்துக்குப் போனால் அவரும் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்தத் தொழிலின் உள்விவரம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். இரண்டு இரும்பு உருளைகள் கொண்ட மில்லில், பேல் எனப்படும் ரப்பர் கட்டியை வெட்டிப் போட்டுப் பிசைகிறார்கள். கார்பன் பிளாக், ஜிங்க் ஆக்சைடு, ஸ்டீரிக் அமிலம், எண்ணெய் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுச் சேர்க்கிறார்கள். கந்தகமும் அதை முடுக்கும் வேதிப்பொருளும் கடைசியில்தான் விழ வேண்டும். முந்தினால் மில்லின் சூட்டிலேயே வேகத் தொடங்கிவிடும். ஒருமுறை வெந்த ரப்பர் திரும்ப மாவாகாது, அந்தச் சரக்கு முழுவதும் நட்டம். பிறகு காம்பவுண்டை அளவாக வெட்டி, அச்சில் வைத்து, 150, 160 டிகிரி செல்சியஸில் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள். நேரம் குறைந்தால் உள்ளே வேகாது. கூடினால் விறைத்து வெடிக்கும். வெளியே எடுத்து ஓரத்துப் பிசிறை நறுக்கினால் பொருள் தயார். ரைஸ் மில் ரோலுக்கு இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு: கருப்பு ரப்பர் அரிசியில் கறை படியச் செய்யலாம் என்பதால், கார்பனுக்குப் பதில் சிலிக்கா சேர்த்து வெள்ளை ரோல் வார்ப்பார்கள். இதையெல்லாம் புத்தகத்தில் ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். கைக்கு வர ஒரு வருஷமாவது மில்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்த ரப்பர் என்பது அடுத்த பாடம். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல். நீராவிக்கும் வெயிலுக்கும் ஈ.பி.டி.எம். சாதாரண ரப்பரை எண்ணெயில் போட்டால் ஊறி உப்பிவிடும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு சம்பா பருவத்தில் என் மருந்துத் தெளிப்பானின் வாஷர் தேய்ந்துபோக, கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டேன். பூச்சிமருந்தில் இருந்த கரைப்பான் பட்டு மூன்றாம் நாளே அது அப்பளம் போலப் புடைத்தது. மருந்து முழுவதும் என் முதுகில் ஒழுகியது. நல்லவேளை, உடனே குளித்துவிட்டேன். அன்றைக்குச் சரியான ரப்பரில் ஒரு வாஷர் வார்த்துத் தர நடந்துபோகும் தூரத்தில் ஒரு பட்டறை இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

தேவை இல்லாத ஊரா இது? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். ஊர் ஊராக ரைஸ் மில். காட்டுக்குக் காடு போர்வெல் மோட்டார். ஒவ்வொன்றிலும் புஷ், கேஸ்கட், கப்ளிங் ரப்பர், ஓ-ரிங் என்று தேய்கிற உறுப்புகள் இருக்கின்றன. கம்பெனி நிறுத்திவிட்ட பழைய இயந்திரத்துக்கு ஓர் உறுப்பு வேண்டுமென்றால், தேய்ந்த துண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போகிறோம். அச்சு கடைய லேத் பட்டறை நம்மிடம் இருக்கிறது, அதில் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ரப்பர் தெரிந்தவர்தான் இல்லை.

ரப்பர் நமக்கு அந்நியமும் இல்லை. கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காட்டுச் சீமை. அங்கிருந்து கப்பலேறியவர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வடித்தார்கள். 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அந்தப் பால் நேசநாடுகளுக்குக் கிடைக்காமல் போயிற்று. அந்த நெருக்கடியில்தான் அமெரிக்கா ஆலைகளில் செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கியது. இந்தியாவின் முதல் செயற்கை ரப்பர் ஆலை 1963-ல் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் இயங்கத் தொடங்கியபோது அதன் மூலப்பொருள் ஆல்கஹால். கரும்பு ஆலையின் மொலாசஸிலிருந்து வடித்தது. இன்று பெட்ரோலியம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது; பானிபட்டிலிருந்தும் குஜராத்திலிருந்தும் செயற்கை ரப்பர் பேல் பேலாக வருகிறது. அப்படி ஓர் ஆலையை நான் கேட்கவில்லை. ஆனால் ஆல்கஹால் என்ற சொல்லை இந்த மாவட்டத்தில் எழுதும்போது கை நடுங்குகிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. அந்த மலை மக்களிடம் சாராயத்தை விடு என்று சொல்லும் அரசு, அடுத்த வாக்கியத்தில் எதைப் பிடி என்று சொல்கிறது? கேரளத்துத் தோட்டமும் பெங்களூருக் கட்டட வேலையும் மட்டுமே பதிலாக இருக்கக் கூடாது.

மையத்தை மலைமேல் கட்டச் சொல்லவில்லை. அங்கே காடு இருக்கட்டும், கோமுகி ஆறு ஊற்றெடுக்கட்டும். கச்சிராயபாளையத்துக்கும் சின்னசேலத்துக்கும் நடுவில் எங்காவது இடம் பாருங்கள். இரண்டு மில், நான்கைந்து பிரஸ், ஒரு பாய்லர், ஒரு சிறிய ஆய்வகம் போதும். காம்பவுண்டு எப்போது வேகத் தொடங்கும், எப்போது வெந்து முடியும் என்று காட்டும் ரியோமீட்டரைத் தனிப் பட்டறைக்காரர் வாங்க முடியாது. பொதுவில் ஒன்று இருந்தால் ஐம்பது பேர் பிழைப்பார்கள். ஒன்றிய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் பொது வசதி மையத்துக்கு மானியம் உண்டு. பட்டறை தொடங்க வரும் கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் இருக்கின்றன. பாடம் எழுத குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத் துறையைக் கேளுங்கள்.

ஒரு நிபந்தனையை நானே வைக்கிறேன். ரப்பர் உற்பத்தித் தொழிலின் வேலைச்சூழலைப் புற்றுநோய் உண்டாக்குவதென்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கார்பன் தூசியும் பிரஸ்ஸிலிருந்து எழும் புகையும் நெஞ்சில் இறங்குபவை. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கு மேலும் புகை உறிஞ்சும் குழாயும், எடைபோடும் அறைக்குத் தனிக் கதவும், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனையும் திட்ட அறிக்கையிலேயே இருக்க வேண்டும். பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்ற பட்டியலில் அல்ல. ரப்பர் தொழில் என்ற பெயரில் பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் உலைகள் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும். அவற்றைத் தயவுசெய்து வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

முதல் வேலையாக, மாவட்டத்து ரைஸ் மில்களும் இரண்டு கூட்டுறவு ஆலைகளும் ஓராண்டில் எவ்வளவு ரோல், எவ்வளவு ரப்பர் உறுப்பு வாங்குகின்றன என்று ஒரு கணக்கெடுங்கள். ஐ.டி.ஐ. மாணவர்களை அனுப்பினாலே ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசினால் வங்கியும் காது கொடுக்கும். அதே கோப்பில் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு கடிதம் சேர்த்துவிடுங்கள்: பயிற்சி காலை 9 மணிக்குத் தொடங்கும் என்றால், வெள்ளிமலையிலிருந்து ஒரு பஸ் அதற்குள் மலையிறங்கியிருக்க வேண்டும், மாலையில் இருட்டுவதற்கு முன் பிள்ளைகளை ஊர் சேர்க்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
கோமுகிக் கரையிலிருந்து உங்கள் மாவட்டத்துக்காரன்