குலுக்கலில் ஒரு வீடு

சென்ற மாதம் என் பழைய மாணாக்கர் ஒருவர் வந்திருந்தார். கையில் ஒரு கட்டு அச்சடித்த சீட்டுக்கள். "ஸார், தாங்கள் முதலில் ஒன்று வாங்கிக்கொண்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும்" என்றார்.

பதினான்கு மாதமாக வீட்டை விற்க அலைந்தும் தக்க விலைக்கு ஆள் அகப்படவில்லையாம். பாங்குக் கடனுக்கு வட்டியோ ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே ஆயிரம் ரூபாய் வீதம் 6,000 சீட்டுக்கள். குலுக்கலில் பெயர் வருகிறவருக்கு வீடு. தமக்கு 60 லட்சம். யாரோ ஒருவருக்கு ஆயிரம் ரூபாயில் சொந்த வீடு. "இதில் யாருக்கு ஸார் நஷ்டம்?"

கணக்கில் அவர் என்றுமே கெட்டிக்காரர். சட்டந்தான் குறுக்கே நின்றது. ஸர்க்கார் நடத்தாத, ஸர்க்கார் அனுமதி பெறாத லாட்டரிக்கு இடம் வைத்து நடத்துவது 1870-லேயே பீனல் கோடில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அதன் ஸ்தானத்தில் வந்திருக்கும் பாரதீய நியாய ஸம்ஹிதையின் 297-வது பிரிவும் அதையே சொல்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் வெளியிட்டாலே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தமிழ்நாட்டிலோ 2003-ஆம் வருஷத்தில் லாட்டரிச் சீட்டு விற்பனையே தடுக்கப்பட்டுவிட்டது. சட்டவிரோதமான காரியத்துக்குச் செய்த ஒப்பந்தம் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆகையால் பரிசு விழுந்தவர், "வீட்டைக் கொடு" என்று கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை.

"அனுமதி கிடைத்துவிட்டால்?" என்றார்.

அப்போதுதான் உண்மையான வேடிக்கை ஆரம்பமாகிறது, தம்பி! குலுக்கல் பரிசுக்கு வருமான வரி நூற்றுக்கு 30; கூடுதல் தீர்வைகள் வேறு. மற்ற வருமானத்துக்குள்ள அடிப்படை விலக்கு இதற்கு இல்லை. சீட்டு வாங்கிய செலவைக் கழித்துக்கொள்ளவும் இடமில்லை. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாயிற்று என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அதை ஒப்படைக்க வேண்டும். அதாவது, 60 லட்ச ரூபாய் வீட்டின் சாவியைத் தொடுமுன் 18 லட்சம் ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். அதன்மேல் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். பத்திரம் பதிவாகாமல் வீடு கைமாறாது. ஆயிரம் ரூபாயைக் கைமாற்று வாங்கிச் சீட்டெடுத்த குமாஸ்தா அவ்வளவுக்கு எங்கே போவார்? விழுந்த வீட்டைத்தான் விற்கப் பார்க்க வேண்டும். அதைத்தானே இவரால் பதினான்கு மாதமாகச் செய்ய முடியவில்லை!

"குலுக்கல் என்று சொல்லாமல் வார்த்தைப் போட்டி என்று வைத்தால்?"

இந்த யுக்தியும் பழையதே. 1955-ஆம் வருஷத்துப் பரிசுப் போட்டிச் சட்டம், இத்தகைய போட்டிகளில் மாதத்துக்கு மொத்தம் 1,000 ரூபாய்க்குமேல் பரிசு தரலாகாது என்று விதித்தது. உண்மையான திறமையைச் சோதிக்கும் போட்டிகளை அது தொடாது என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் அதிர்ஷ்டத்துக்குத் திறமை என்று பெயர் சூட்டுவது அந்தத் தீர்ப்பில் அடங்காது.

இதுவரை 43 சீட்டுக்கள் விற்றிருக்கிறாராம். அந்தப் பணத்தை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாங்கு மானேஜரைக் கண்டு தவணை கேட்கச் சொன்னேன். மனமில்லாமலே எழுந்தார். சீட்டுக் கட்டை என் மேஜைமேலேயே விட்டுப் போய்விட்டார். பின்பக்கம் வெற்றுக் காகிதம். குழந்தைகள் அதில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.