பக்கத்துக் கடைக்கும் சொல்வோம்: சலவைக்கடை உரிமையாளர்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஒரே தெருவில் இரண்டு லாண்டிரி இருந்தால் போட்டி இருக்கத்தான் செய்யும். அதில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் துணியைப் பாழாக்குவது எது, கடையைக் கொளுத்துவது எது, வேலை செய்பவரின் மூச்சை அடைப்பது எது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அதை அடுத்த கடைக்காரரிடம் மறைக்க அவருக்கு உரிமை கிடையாது. இதுவே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. கேட்பவர் உறுப்பினரா இல்லையா, பெரிய பிளான்ட் வைத்திருப்பவரா, ஒற்றை மெஷின்காரரா, தெருமுனையில் இஸ்திரி வண்டியோடு நிற்பவரா என்றெல்லாம் இதில் பார்க்கக் கூடாது.

முதலில் தீயைப் பற்றிச் சொல்கிறோம், ஏனென்றால் இதில் மௌனம் உயிரை வாங்கும். மசாஜ் நிலையங்களிலிருந்தும் ஓட்டல் அடுக்களைகளிலிருந்தும் வரும் துண்டுகளில் எண்ணெய் ஊறியிருக்கும். ஒருமுறை துவைத்தால் பிசுபிசுப்பு போய்விடும். நூலுக்குள் தங்கிய எண்ணெய் போகாது. ட்ரையரிலிருந்து சூடாக எடுக்கும்போது காறிப்போன எண்ணெய் வாடை அடித்தால் அதுதான் எச்சரிக்கை. அந்தத் துண்டுகளைச் சூட்டோடு மடித்து அடுக்கி மூட்டை கட்டினால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உள்ளே மேலும் சூடேறும். அது வெளியேற வழியில்லாமல் நடு அடுக்கு கருகி, கடையைப் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றிக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழித்திருக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயைவிட நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இந்த அபாயம் அதிகம். தடுக்கும் வழி எளிது: எண்ணெய்த் துண்டுகளைத் தனியாகப் பிரித்து, வெந்நீரில் போதுமான சோப்புப் போட்டு, வாடை நீங்கும்வரை துவைக்க வேண்டும். ட்ரையர் கடைசியில் சூடில்லாமல் சுற்றும் நேரத்தை அவசரத்துக்காகப் பாதியில் நிறுத்தக் கூடாது. எடுத்த துண்டுகளைப் பரப்பி ஆறவைத்த பிறகே மடிக்க வேண்டும். இரவில் எதையும் ட்ரையருக்குள் விட்டுப் போகக் கூடாது. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு லோடுக்கும் துடைக்க வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர், மசாஜ் நிலைய ஆர்டர் புதிதாக எடுத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது ரசாயனம். குளோரின் ப்ளீச் போட்ட துணியைச் சரியாக அலசாமல் கடைசித் தண்ணீரில் அமிலம் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மெஷின் கதவைத் திறக்கும் பையன்தான் அதை முதலில் சுவாசிப்பான். துருக்கறைக்குப் பயன்படும் ஆக்சாலிக் அமிலமும் விஷம். அதையும் ப்ளீச்சையும் ஒரே தட்டில் வைப்பதே தவறு. ட்ரைகிளீனிங்குக்கு ஊற்றும் பெர்க்கை (பெர்க்ளோரோஎத்திலீன்), மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ட்ரைகிளீனிங்கில் அதன் பயன்பாட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்த 2024 டிசம்பரில் அமெரிக்கா விதி வகுத்தது. நம் கடைகளில் அதற்கு மாற்றாக இருக்கும் டர்பன்டைன் வகை எண்ணெயோ எளிதில் தீப்பிடிப்பது. எந்த டிரம்மில் என்ன இருக்கிறது என்பது முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது. பீகார், ஒடிசா, வங்கத்திலிருந்து வந்து நம் பிளான்ட்களில் நிற்பவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து புரியாது. அவரவர் மொழியிலும் படத்திலும் டிரம் மேல் எழுதி ஒட்டுவது நம் கடமை.

துணி விஷயத்துக்கு வருவோம். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவந்துவிடும். கறை பெரிதாகிவிட்டதென்று புதியவர் பதறிப்போய் ப்ளீச்சை எடுப்பார். பருத்தியானால் சாயத்தோடு போகும். பட்டானால் இழையே கரைந்துவிடும். காரம் நீங்க அலசி, துணி தாங்குமானால் வெயிலில் போட்டிருந்தால் கறை தானாகவே மங்கியிருக்கும். அதேபோல் சில பிளாஸ்டிக் பட்டன்களும் மணிகளும் பெர்க்கில் கரைந்து, பக்கத்துத் துணியிலும் ஒட்டும். ஒரு கடையில் கல்யாணப் பட்டு வீணானால் அந்தக் குடும்பம் அந்தக் கடையை மட்டும் வெறுப்பதில்லை. எந்த லாண்டிரிக்கும் பட்டைக் கொடுக்கப் பயப்படுகிறது. அந்த இழப்பு நம் எல்லோருக்கும்தான்.

தண்ணீரும் அப்படியே. குடிநீருக்கான இந்தியத் தரமே லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. சலவைக்கு அந்த 200 கூட அதிகம். வெள்ளை வேட்டி ஏன் மங்குகிறது என்று தெரியாமல் சோப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு, போர் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது பெரிய உதவி.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்க மாட்டோம். உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்து அழுக்கெடுத்தவர்கள், சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்டு நூறு வீட்டுத் துணியை மாறாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் வண்ணார் சமூகத்தினர். அவர்களிடமிருந்து ஊர் வேலையை வாங்கிக்கொண்டது, மரியாதையைத் தரவில்லை. சைதாப்பேட்டை டோபிகானா போன்ற இடங்களில் இன்றும் அந்தக் கைத்திறன் இருக்கிறது. அதைக் கற்க விரும்பும் உறுப்பினர் அவர்களை ஆசிரியராக ஏற்று, அதற்குரிய கட்டணத்தைக் கொடுத்துக் கற்க வேண்டும். நம் கடைகளில் பல வருடம் கறை எடுத்துப் பழகிய தொழிலாளி பாடம் சொல்லிக்கொடுத்தாலும் அதே விதிதான். பாடம் நடக்கும் நேரத்துக்குச் சம்பளமும் உண்டு.

எல்லாவற்றையும் பகிர்வோம் என்று நாங்கள் சொல்லவில்லை. சலவைக் கூலியை எல்லோரும் கூடி முடிவு செய்வது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி தடைசெய்யப்பட்டது. அந்தப் பேச்சுக்கு எங்கள் கூட்டங்களில் இடமில்லை. வாடிக்கையாளரின் முகவரியும், அவர் துணியில் கண்டதும் கடையைவிட்டு வெளியே போகக் கூடாது. வேலையை விட்டுப் போன தொழிலாளிகளின் பெயர்ப்பட்டியல் போட்டுச் சுற்றுக்கு விடும் பழக்கத்தை அடியோடு எதிர்க்கிறோம். ஒருவர் உழைத்துக் கண்டுபிடித்த கஞ்சிப் பக்குவமோ மணமோ அவருடையது. விரும்பினால் சொல்லட்டும், இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளட்டும். ஆபத்தைப் பற்றிய செய்தியில் மட்டும் அந்த உரிமை இல்லை.

சொன்னால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் எங்களுக்குப் புரிகிறது. சிறு கடைக்காரருக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரும் முக்கியம். ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் பக்கம் என்று வருகிறார். சொன்ன நாளில் துணி கிடைக்கிறது என்று மறுபடியும் வருகிறார். ட்ரையர் துணியை எப்படி ஆறவைக்கிறோம் என்பதைக் கேட்டு எந்த வாடிக்கையாளரும் கடை மாறியதில்லை.

ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்றை ஏற்கிறோம். புதிதாகக் கடை திறப்பவரை அருகிலிருக்கும் உறுப்பினர் ஒருவர் முதல் வாரத்திலேயே சந்தித்து, தீயும் ரசாயனமும் குறித்த எச்சரிக்கைகளை நேரில் சொல்வார். மாதம் ஒருமுறை, ஒரு கடையின் பட்டறையைத் தொழிலாளர்களுக்கும் மற்ற கடைக்காரர்களுக்கும் திறந்து வைப்போம். கூட்டத்தில் ஒருவர் தன் கடையில் நடந்த விபத்தைச் சொன்னால், அவர் பெயரை நீக்கி, நடந்ததை மட்டும் எழுதி எல்லாக் கடைகளுக்கும் அனுப்புவோம். அங்கே கேட்டதை வாடிக்கையாளரிடம் சொல்லித் தன் கடைக்கு ஆள் பிடிப்பவர் இந்தச் சங்கத்தில் உறுப்பினராக நீடிக்க முடியாது.