கொலையும் வேலிக்கணக்கும்

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் 2022, 2023இல் வந்துபோனதிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் யூடியூப் காணொளிகளுக்குக் கணக்கில்லை. இருட்டு, உடுக்கைச் சத்தம், பாதி முகம் மறைத்த பெண், முடிவில் ‘மர்மம் இன்னும் நீடிக்கிறது’. ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில், கொன்றவர்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் இருக்கின்றன. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராயன். பட்டப்பெயர்களைப் பாருங்கள். வழிப்பறிக்காரர்கள் இல்லை, அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர்கள்.

அந்தக் கல்வெட்டில் கொலை நடந்த இடமோ, விதமோ, காரணமோ கிடையாது. அது நிலம் கைமாறிய ஆவணம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசனின் திருமுகம் வருகிறது. துரோகிகளின் சொத்தும், அவர்களுடைய பிள்ளைகள், தாயாதிகள், பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் சொத்தும் விலைக்குப் போகின்றன. வாங்கியவர் அதை அறக்கட்டளையாக எழுதிவைக்கிறார். அந்த அறத்தைப் பதிவு செய்யத்தான் கல் வெட்டினார்கள். இளவரசன் கொலையுண்ட செய்தி, யாருடைய நிலம் என்று அடையாளம் சொல்வதற்காகப் போகிற போக்கில் வருகிறது. உத்தம சோழன்மீது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டதும், அதைக் குடவாயில் பாலசுப்ரமணியன் மறுத்ததும் வேறு கதை. சோழநாட்டின் மிகப் பிரபலமான கொலைக்கு நம் கையில் மிஞ்சிய துப்பு ஒரு நிலப் பத்திரத்துக்குள் இருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

இதைக் கதையாக்கிய கல்கி மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்துக்காரர். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வாராவாரம் எழுதினார். அவருக்கு நிலப் பத்திரம் போதவில்லை. நந்தினியைப் படைத்தார். காதல், வஞ்சம், கடம்பூர் மாளிகை, அணைந்த விளக்கு என்று கொண்டுபோய், கொன்றது யார் என்பதைச் சொல்லாமல் விட்டார். தொடர்கதைக்காரராக அவர் செய்தது சரிதான். ஆனால் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் வந்து கல்வெட்டைப் பார்க்கவே இன்றைக்கு நமக்குத் தோன்றுவதில்லை. பெயர் தெரிந்த கொலையையும் மர்மமாக்கி ரசிக்கப் பழகிவிட்டோம்.

துப்பறியும் கதைக்கும் காவிரிப் படுகைக்கும் உள்ள உறவு தனியாக எழுத வேண்டிய விஷயம். மன்னார்குடி பக்கத்து வடுவூரிலிருந்து வந்த துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைத் தந்தார். ‘கும்பகோணம் வக்கீல்’ அவருடையது. திருவிடைமருதூர் தேவன் துப்பறியும் சாம்புவைத் தந்தார். இவர்களுக்குக் கீழே, அச்சில் ஏறியும் மதிப்பில் ஏறாமல், சந்தையிலும் ரயிலடியிலும் பாடி விற்ற கொலைச்சிந்துகள் இருந்தன. மட்டக் காகிதத்தில் சில பக்கம். அண்மையில் நடந்த கொலை. பாடுகிறவர் குரலுக்கேற்ற கண்ணீர். இன்றைய க்ரைம் பாட்காஸ்டுக்கு அதுதான் பாட்டன். மாலைப் பத்திரிகைகளின் கொலைச் செய்திக்கும் அதுவே மூலம். சிந்து விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணக்காரன் வீட்டுக் கொலையை ஏழைக்குப் பாடிக் காட்டினார். அவ்வளவும் செய்யாத காணொளிகள் இன்று லட்சக்கணக்கில் ஓடுகின்றன.

இத்தனை துப்பறிவாளர்களைப் பெற்ற மண்ணில், அவர்களில் ஒருவருக்கும் வேலை வைக்காத ஒரு படுகொலை நடந்தது.

1968 டிசம்பர் 25, இரவு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வெண்மணி. தாக்க வந்தவர்களுக்குத் தப்பி ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உள்ளேயே எரிக்கப்பட்டார்கள். பத்திரிகைகளில் முதலில் வந்த எண் 42. ஊர் சொல்வதும் நினைவிடம் சொல்வதும் 44. இறந்தவர்கள் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கேட்டது அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. பிடித்தது செங்கொடி. எதிரே நின்றது நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் சேர்ந்திருந்த மிராசுதார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பது அவர்கள் நிபந்தனை. வெளியூர் ஆள் இறக்கி அறுப்பது அவர்கள் ஆயுதம்.

எங்கே, எப்போது, எதற்காக என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. மர்மக் கதைக்கு வேண்டிய எதுவும் இதில் இல்லை. வடுவூராருடைய சாமியார் வந்திருந்தாலும் வேலை இல்லாமல்தான் திரும்பியிருப்பார்.

பிறகு வழக்கு நடந்தது. 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் பலரும் திரும்பத் திரும்பச் சுட்டிய ஓர் இடம் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மிராசுதார்கள், பெரும்பாலும் நிறைய நிலமுள்ள செல்வந்தர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துவந்து குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அது போகிறது.

இலக்கியப் பத்திரிகை நடத்துகிறவர்கள் என்ற முறையில் இந்த வாதத்தில் நமக்கு ஒரு தொழில்முறை அக்கறை இருக்கிறது. பாத்திரம் தன் இயல்புக்கு மாறாக நடக்கிறது, ஆகவே கதை நம்பும்படி இல்லை என்று சிறுகதைக்கு நாம் எழுதும் மதிப்புரையின் தர்க்கம் இது. பெரிய மனிதர் என்ற பாத்திரத்துக்குத் தீப்பந்தம் பொருந்தவில்லை. பண்ணையாளைப் புளிய மரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்ததும், சாணிப்பால் குடிக்கவைத்ததும் இதே படுகையில் நடந்தவைதான். பி. சீனிவாச ராவ் கன்னட மண்ணிலிருந்து வந்து இங்கே சங்கம் கட்டியதும், அந்தத் தண்டனைகள் நிறுத்தப்பட வேண்டும் என்று 1940களில் போராடியதும் ஆவணமாக இருக்கின்றன. அந்தப் பழைய பக்கங்களைப் படித்தவருக்கு அந்தப் பாத்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது பற்றி வேறொரு அபிப்பிராயம் வந்திருக்கும்.

அதே நாள் மாலை மிராசுதார்கள் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். அது தனி வழக்கு. அதில் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். ஒரே நாளின் இரண்டு கதைகளில் ஒன்று நீதிமன்றத்துக்கு நம்பும்படி இருந்தது, மற்றது இல்லை. கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்ற சினிமாச் சட்டகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துவதால், வெண்மணி பற்றிய காணொளிகள் பலவும் அங்கே வந்து நின்று திருப்தியோடு முடிந்துவிடுகின்றன.

இலக்கியம் என்ன செய்தது? முதலில் பெரிதாகக் கவனம் பெற்றது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. கும்பகோணத்தில் வளர்ந்தவர், டெல்லியில் பேராசிரியராக இருந்துகொண்டு எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமி விருது. பிறகு ஸ்ரீதர் ராஜன் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாக்கினார். அந்த நாவலின் நிலக்கிழார் கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைவுள்ளவர். அவருடைய கொடுமைக்குள் அந்தக் குறை வேர்விட்டிருக்கிறது. இதற்காக இடதுசாரிகள் அன்றே கடுமையாகச் சண்டை போட்டார்கள். கூலிப் போராட்டத்தைக் கட்டில் சிக்கலாகச் சுருக்கிவிட்டார் என்றார்கள். நாவலின் வேகத்தையும் நடையின் கூர்மையையும் ஒப்புக்கொள்கிறவன்தான் நான். ஆனாலும் அந்தச் சண்டையில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். கல்கிக்கு நந்தினி தேவைப்பட்டாள், இ.பா.வுக்கு ஃபிராய்ட் தேவைப்பட்டார். நூற்றாண்டுகள் தள்ளி நடந்த இரண்டு கொலைகள். இரண்டிலும் கதை நிலத்தை விட்டு எழுந்து படுக்கையறைக்குள் போய்விட்டது. ஒரு மிராசுதாரரின் உடற்குறைதான் காரணம் என்றால் அவர் சங்கத்துக்கு உறுப்பினர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பின்னால் வந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தெரிந்தே எழுதினார்கள். சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ திருவாரூர்ப் பக்கத்துப் பேச்சையும் களத்துமேட்டையும் உள்ளே கொண்டுவந்தது. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தில் உயிர் பிழைத்தவர்களைப் பேசவிட்டார். மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2014இல் வந்த நாவல், தமிழில் ‘குறத்தி அம்மன்’, இந்தக் கதையை ஒழுங்காகச் சொல்லவே முடியாது என்று வாசகரிடம் மல்லுக்கு நிற்கிறது. சில இடங்களில் மல்லுக்கட்டே கதையை மறைத்துவிடுகிறது என்பது என் குறை.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், சம்பவம் நடந்த கொஞ்ச நாளிலேயே அங்கே போய் எழுதியவர் மைதிலி சிவராமன். என். ராம், ப. சிதம்பரம் ஆகியோருடன் அவர் சென்னையில் நடத்திய ‘ராடிக்கல் ரிவ்யூ’ ஆங்கிலத்தில் வந்தாலும் குணத்தில் ஒரு சிற்றிதழ்தான். யார் எவ்வளவு நிலம் வைத்திருந்தார்கள், கூலி எத்தனை படி, புதுரக நெல் வந்த பிறகு லாபம் யார் பக்கம் போயிற்று என்பதெல்லாம் அவருடைய கேள்விகள். 1960 வாக்கில் தஞ்சாவூருக்குத் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. உரம், கடன், ஆடுதுறை 27 விதை, குறுவையில் கூடுதல் விளைச்சல். களத்தில் நெல் ஏறியது, மரக்காலில் கூலி ஏறவில்லை. கொலைக்குக் காரணம் தேடுகிறவருக்கு இது போதாதா?

அரசாங்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. இதைத்தான் நான் மிகவும் வியப்பது. எரிந்த குடிசைக்குப் பதில் என்று அரசு அமைத்தது கணபதியா பிள்ளை ஆணையம். அது ஆராய்ந்தது கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் பிரச்சினையையும் கூலியையும். அதன் தொடர்ச்சியாக 1969இல் வந்தது நியாயக் கூலிச் சட்டம். தீ வைத்தவர் யார் என்று தீர்ப்பு வரும் முன்பே, எதற்காக என்பதற்குச் சட்டமன்றம் விடை எழுதிவிட்டது. அதற்குப் பிறகும் நாம் பாத்திரங்களின் மனத்துக்குள் காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நிலத்தின் கதையும் அங்கே நிற்கவில்லை. வெண்மணிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து தங்கிய காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1981இல் லாஃப்டி என்ற நில இயக்கத்தைத் தொடங்கினார்கள். மிராசுதார்களோடு பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலத்தை வாங்கி உழைக்கும் குடும்பத்துப் பெண்களின் பெயரில் பதிவு செய்தார்கள். சிறையும் உண்ணாவிரதமும் உண்டு. பெரும்பகுதி வேலை சார்பதிவாளர் அலுவலகத்தில், முத்திரைத்தாளில். ஒரு கொலைக் கதையின் கடைசி அத்தியாயம் அப்படிப்பட்ட இடத்தில் நடக்கும் என்று எந்தக் க்ரைம் எழுத்தாளரும் யோசித்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் கேமராக்கள் வெண்மணிக்குப் போகின்றன. முதியவர்களை உட்காரவைத்து ‘அன்னைக்கு ராத்திரி என்னம்மா நடந்துச்சு?’ என்று கேட்கிறார்கள். அவர்களும் சொல்கிறார்கள்; இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ‘அப்ப உங்களுக்குக் கூலி எவ்வளவு? இப்ப இந்த நெலம் யாரு பேர்ல இருக்கு?’ என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அடுத்த இதழைப் படுகையின் கொலைகள், காணாமற்போனவர்கள் பற்றிய இதழாகக் கொண்டுவர எண்ணம். வெண்மணி மட்டும் போதாது. பண்ணைக்கடனுக்குத் தப்பி இரவோடிரவாக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய், ஊரில் ‘காணாமற்போனவன்’ ஆனவர்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர். அவர்கள் குடும்பத்தில் யாராவது எழுதினால் முதலிடம் அவர்களுக்கு. எழுதுகிறவர்களுக்குச் சில நிபந்தனைகள். இறந்தவரின் உடலை வர்ணிக்க வேண்டாம். உயிரோடிருக்கும் உறவினரின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம். நீதிமன்றம் விடுவித்தவரை விடுவிக்கப்பட்டவர் என்றே எழுதுங்கள், தீர்ப்பைப் பற்றிய உங்கள் கருத்தைத் தனியாக எழுதுங்கள். சம்பவம் நடந்த ஆண்டில் ஆண் கூலி, பெண் கூலி, அந்த நிலம் அன்று யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது என்ற விவரங்கள் கட்டுரையில் இருக்க வேண்டும். தீர்ப்பு நகலோ பட்டா நகலோ கிடைத்தால் இணைத்து அனுப்புங்கள். நகலெடுக்கும் செலவை இதழ் கொடுத்துவிடும். கட்டுரைக்குச் சன்மானம் கொடுக்க வழக்கம்போல் வழியில்லை.

— ஆசிரியர்