தீக்காயத்துக்கு அட்டை தேவையில்லை

நம் வீடுகளில் யார் மீதாவது எண்ணெய் தெறித்தாலோ சுடுநீர் கொட்டினாலோ உடனே இரண்டு காரியங்கள் நடக்கும். ஒருவர் பற்பசையைத் தேடி ஓடுவார். இன்னொருவர், "மெடிக்கல் கார்டு இருக்கா?" என்று கேட்பார். பற்பசை தடவக் கூடாது என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது கேள்வியும் அதே அளவுக்குக் கெடுதல் செய்யும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெக்கான் நானாஸ். பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. தீபாவளியும் சீனப் பெருநாளும் நெருங்கினால் இங்கே பல வீடுகளில் தார்ட் செய்வதற்காக அன்னாசி ஜாம் காய்ச்சுவார்கள். என் அம்மாவும் ஆர்டர் எடுத்துச் செய்து விற்பவர். ஜாம் என்பது வெறும் சுடுநீர் அல்ல. சர்க்கரை சேர்ந்து இறுகும்போது அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். தெறித்தால் வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் அம்மாவின் வலது கையில், விரல்களிலிருந்து மணிக்கட்டு வரை, அப்படித்தான் விழுந்தது.

நான் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். அம்மா தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போயிருக்கிறார். முகப்பில் இருந்தவர் முதலில் கேட்டது அட்டையைத்தான். இல்லை என்றதும், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும், முன்பணம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இரண்டு நாள் துணியைச் சுற்றிக்கொண்டு தார்ட் ஆர்டரையும் முடித்திருக்கிறார். மூன்றாம் நாள் கை வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் மாமா அவரை அரசாங்கக் கிளினிக்குக் கொண்டுபோனார். அங்கே பதிவுக்குக் கட்டியது ஒரு வெள்ளி. அங்கிருந்து பொந்தியானுக்குப் போய் ஆறு நாள் வார்டில் இருந்தார். இன்றும் அவரால் சுண்டு விரலை முழுதாக மடக்க முடியவில்லை.

எங்களிடம் காப்புறுதி இல்லை என்பது உண்மைதான். முன்பு இருந்தது. சந்தா ஏறிக்கொண்டே போனதால் அப்பா அதை விட்டுவிட்டார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மருத்துவக் காப்புறுதிச் சந்தா ஒரேயடியாக உயர்ந்து நாடெங்கும் புகார் எழுந்ததால், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, அந்த உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து ஏற்ற வேண்டும் என்று காப்புறுதி நிறுவனங்களுக்குச் சொன்னது. அப்படியும் கட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அட்டை வைத்திருப்பது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டை இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லை என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த நாட்டில் அது உண்மையல்ல.

1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணைப்படி, அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் வெளிநோயாளியாகக் கட்டுவது 1 வெள்ளி. மருந்தும் அதிலேயே அடங்கும். அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அதே 1 வெள்ளிதான். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 வெள்ளி. அறுவைச் சிகிச்சை நடந்தாலும் மூன்றாம் வகுப்பில் மொத்தக் கட்டணம் 500 வெள்ளியைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. அந்த 500 வெள்ளியைக் கட்டவும் முடியாதவர் மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்கக் கேட்கலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்க அவர்கள் பரிந்துரைப்பார்கள். என் வகுப்பில் நண்பர்களிடம் இந்தத் தொகைகளைச் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. பெட்ரோல் விலையில் ஐந்து சென் மாறினாலும் உடனே தெரிந்துகொள்கிற நாம்தான் இவர்கள்.

தனியார் இடங்களுக்கும் ஒரு கடமை உண்டு. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை தேவைப்படும் எவருக்கும் அதைத் தொடங்கி வைக்கும் நிலையில் ஒவ்வொரு தனியார் கிளினிக்கும் மருத்துவமனையும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்கிறது. முழுச் சிகிச்சையையும் இலவசமாகச் செய் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் வெந்த கையோடு வந்த ஒருவரிடம், "அரசாங்க மருத்துவமனைக்கு உடனே போங்கள், அங்கே ஒரு வெள்ளிதான்" என்று சொல்லியனுப்பச் சட்டம்கூடத் தேவையில்லை.

சரி, அட்டை இருந்திருந்தால் அம்மாவுக்கு எவ்வளவு உதவியிருக்கும்? பெரும்பாலான மருத்துவ அட்டைகள் வார்டில் சேர்ந்தால் ஆகும் செலவுக்கானவை. கடும் நோய்க் காப்புறுதியிலும் தீக்காயம் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரையறை உண்டு: தோல் முழு ஆழத்துக்கு வெந்திருக்க வேண்டும், அதுவும் உடல் பரப்பில் குறைந்தது 20 விழுக்காட்டுக்கு. விரல்களோடு சேர்த்து நம் உள்ளங்கையின் பரப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. அப்படியானால் இருபது உள்ளங்கை அளவு. சமையலறையில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்குக்கு அருகில்கூட வராது. ஆனால் கையிலோ முகத்திலோ மூட்டிலோ பட்ட ஒரு விழுக்காட்டுக் காயமே ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிடும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட தீக்காயம் சிறியதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்பது இதனால்தான். மின்சாரமோ ரசாயனமோ சுட்டிருந்தாலும் அப்படியே.

முதல் 20 நிமிடம் நம் கையில் இருக்கிறது. குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் வைத்திருங்கள். ஐஸ் வேண்டாம். வீக்கம் தொடங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் இப்படிக் குளிர்வித்தால் பலன் இருக்கும். பிறகு சமையலறையில் உணவை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் காயத்தை இறுக்காமல் மூடிக்கொண்டு புறப்படலாம். பற்பசை, கிச்சாப், மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். காயத்தின் ஆழத்தைப் பார்க்க மருத்துவர் அவற்றையெல்லாம் வெந்த தோலிலிருந்து தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த வலியை நினைத்துப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 1ஆம் தேதி புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியதை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். காலை எட்டு மணிக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் காப்புறுதி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டா ஓடியிருப்பார்கள்? பெரிய விபத்தில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியை ஒரு வீட்டுச் சமையலறையில் நாமே நம்மிடம் கேட்டுக்கொள்கிறோம்.

அரசாங்க மருத்துவமனையில் எல்லாமே சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. காத்திருப்பு நீளம். பெரிய காயமென்றால் பொந்தியானிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அனுப்புவார்கள். உண்மையான செலவு வார்டைவிட்டு வந்த பிறகுதான் தொடங்குகிறது. கட்டு மாற்ற மீண்டும் மீண்டும் போக வேண்டும், கார் இல்லாத வீட்டில் ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டும். தழும்பு தடித்துப்போகாமல் இருக்க அணியும் இறுக்கமான கையுறையைச் சொந்தக் காசில் வாங்க வேண்டி வரலாம். அம்மா ஆறு வாரம் ஒரு தார்ட்கூடச் செய்யவில்லை. ஒரு வெள்ளிச் சீட்டில் இதெல்லாம் வராது.

அதற்குத்தான் ஒரு வழி இருக்கிறது. 2022 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம். சொக்சோ நடத்துகிறது. 55 வயதுக்கு உட்பட்ட, வீட்டை நிர்வகிக்கும் பெண்களுக்கானது. ஆண்டுக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையின்போது ஏற்படும் விபத்துக்கான சிகிச்சை, நிரந்தர ஊனம் ஏற்பட்டால் இழப்பீடு, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவை இதில் உண்டு. சந்தாவைப் பிள்ளைகளே கட்டலாம். ஆனால் விபத்துக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரம் சுட்டால் மட்டுமே விபத்து, வீட்டில் வாணலி சுட்டால் அது விதி என்றிருந்த நிலையைச் சட்டமே மாற்றிவிட்டது. நம் வீடுகளுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வளவு சொன்னாலும் ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரமோ மைகார்டோ இல்லாத நம்மவர்கள். ஆவணம் இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம்தான். அவசரப் பிரிவில் 1 வெள்ளிக்குப் பதிலாக 100 வெள்ளி, வார்டில் சேர முன்பணம் ஆயிரக்கணக்கில். ஜாம் தெறித்த ஒரு சிறுமியின் தோலுக்கு அடையாள அட்டையின் நிறம் தெரியாது. தீக்காயம் போன்ற அவசரச் சிகிச்சையிலாவது, இங்கே பிறந்த சிறுவர்களுக்கு விண்ணப்பம் முடிவாகும் வரை குடிமக்கள் கட்டணத்தையே சுகாதார அமைச்சு வசூலிக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியவற்றில் இதை நான் முதலில் வைப்பேன்.

இடைநிலைப்பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. செம்பிறை, செயின்ட் ஜான் போன்ற சீருடை இயக்கங்களில் நீங்கள் ஒட்டும் முதலுதவிச் சுவரொட்டியில் 20 நிமிடத் தண்ணீருக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: அவசரப் பிரிவு 1 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு 3 வெள்ளி. தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடக்கும் நாளில் அதை வாசலருகே, அம்மாக்கள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள்.