2 கிலோபைட்டில் வரைந்த திரை

சிட்னியின் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலிலிருந்து வடக்கே ஒரு மணிநேரம் காரோட்டினால் காஸ்ஃபர்ட். ஆஸ்திரேலியாவின் சொந்த வீட்டுக் கணினியான மைக்ரோபீ தயாரிக்கப்பட்ட ஊர் அது. அப்ளைட் டெக்னாலஜி நிறுவனத்தின் ஓவன் ஹில் 1982-இல் இதை உதிரிப் பாகங்களாக விற்கத் தொடங்கினார்; வாங்கியவரே ஈயப்பற்று வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளுக்குள்ளும் அது நுழைந்தது.

இதன் திரையில் 512-க்கு 256 புள்ளிகள் என்பார்கள். கணக்குப் போட்டால் உதைக்கிறது. மொத்தம் 1,31,072 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்றாலே 16 கிலோபைட் வேண்டும். தொடக்க மாடலின் மொத்த நினைவகமே அவ்வளவுதான். அப்படியானால் நிரலை எங்கே வைப்பது?

மைக்ரோபீ புள்ளிகளைச் சேமிக்கவில்லை, எழுத்துகளைச் சேமித்தது. திரையில் 16 வரிகள், வரிக்கு 64 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று குறிக்க ஒரு பைட் போதும். 128 எழுத்துகளின் வடிவம் ராமில் (RAM) அல்ல, ரோமில் (ROM) நிலையாக இருந்தது. இன்னொரு 128 வடிவங்களை நாமே வரைந்துகொள்ளலாம். அதற்குத் தனியாக 2 கிலோபைட். வட்டம் போடச் சொன்னால், கோடு கடக்கும் கட்டங்களுக்கு மட்டும் புது வடிவம் உருவாகும். அச்சுக்கோப்பவர் கையில் எழுத்து தீர்ந்துபோவதுபோல, 129-ஆவது புது வடிவம் தேவைப்பட்டால் படம் அங்கேயே நின்றுவிடும். ஆக, 512-க்கு 256 என்பது பொய்யில்லை. திரை முழுக்க ஒரே நேரத்தில் கிடைக்காது, அவ்வளவுதான்.

(தமிழுக்கும் அந்த 128 போதும். உயிரும் மெய்யும் குறிகளும் வரைந்தாலே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். ‘ண’ போன்ற அகலமான எழுத்துக்கு மட்டும் இரண்டு கட்டம் தர வேண்டியிருக்கும்.)

சிக்கனம் அதோடு நிற்கவில்லை. திரையை இயக்கிய 6545 சிப்பில் ஒளிப்பேனாவுக்கென்று ஓர் இணைப்பு உண்டு. அதையே விசைப்பலகையைப் படிக்கப் பயன்படுத்தினார்கள். தவிர, பேட்டரி இருந்ததால் மின்சாரத்தை அணைத்தாலும் நிரல் அழியாது. அன்றைய பல வீட்டுக் கணினிகளில் இந்த வசதி கிடையாது.

படம் வரைய 128 என்ற வரம்பு போதாது என்பதை நிறுவனமும் உணர்ந்திருந்தது. பின்னால் வந்த பிரீமியம் மாடலில் அந்த வடிவ நினைவகத்தைப் பெருக்கிவிட்டார்கள்.