புளியும் ஆப்ப சோடாவும் சக்கரத்துக்கு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சமையலறை வாசம் அடிக்கும். எதிர்வீட்டுக்காரர் பிளாஸ்டிக் மக்கில் வினிகரை ஊற்றி ஆப்ப சோடாவைக் கொட்டுவார். குபுகுபுவென்று நுரை பொங்கும். "பாத்தீங்களா சார், எப்படி வேலை செய்யுது! இதுக்குப் போய் கடையில காசைக் கொட்டணுமா?" என்பார். மாசிலாமணீஸ்வரர் கோயில் கொண்ட திருமுல்லைவாயிலில் அவருடைய நான்கு சக்கரங்களும் இன்னும் மாசோடுதான் இருக்கின்றன.

அழுக்கு எவ்வளவு முற்றியிருந்தாலும் அடுப்படிச் சாமான் போதும், அது இயற்கையானது, சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

முதலில் அந்த நுரை. வினிகர் அமிலம், சோடா காரம். கலந்த மறுநொடியே ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும். 4 சதவீத வினிகர் 100 மில்லியைச் செயலிழக்கச் செய்ய 6 கிராமுக்கும் குறைவான சோடா போதும். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட. ஒன்றரை லிட்டர் கரியமில வாயு காற்றோடு போனபின் மக்கில் மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். தனித்தனியாக இருந்தபோதாவது இரண்டுக்கும் ஏதோ ஒரு குணம் இருந்தது.

அடுத்தது, அந்த அழுக்கு எது என்பது. மழைக்காலச் சேறு எவ்வளவு அப்பினாலும் ஹோஸ் தண்ணீருக்குக் கரைந்துவிடும். முன்சக்கரங்களில் கறுப்பாகப் படிந்து, கை வைத்தால் விரல்ரேகையில் ஏறிக்கொள்கிறதே, அது பிரேக் பொடி. ஆவடியிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை சி.டி.எச். சாலையில் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் பிரேக் பேடும் உராய்ந்து, சூடான இரும்புத் துகள் தெறிக்கிறது. இதே சாலையின் தொடக்கத்தில், பாடியில், சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியாவும் பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் 1960-களிலிருந்து இருக்கின்றன. சக்கரத்தை அழுக்காக்குவதே பிரேக்தான் என்பது இந்தப் பக்கத்து மெக்கானிக் யாருக்கும் புதிதில்லை. அந்தத் துகள் பூச்சின் மேல் குத்தி உட்கார்ந்து, ஈரம் பட்டுத் துருவேறி, ஆரஞ்சுப் புள்ளியாக நிற்கும். சாப்பாட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகிற மாதிரி அது போகாது.

"புளி போட்டா குத்துவிளக்கு மின்னலையா?" என்று கேட்பார்கள். மின்னும். விளக்கின் மேல் பூச்சு கிடையாது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த மேல்படிவைக் கரைத்தால் அடியில் பித்தளையேதான் இருக்கிறது. அலாய் வீலோ அலுமினியம். அதன்மேல் பெயின்ட், அதற்கும் மேல் கண்ணாடி போல ஒரு லேக்கர். புளியோ எலுமிச்சையோ துருவைக் கொஞ்சம் கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நெடுநேரம் ஊறவேண்டும். ஜல்லி தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடங்களில், அந்த நேரத்துக்குள் அமிலம் அலுமினியத்தையும் தொட்டுவிடும்.

இயற்கையானது என்ற சமாதானம் அலுமினியத்திடம் எடுபடாது. அமிலமும் அதை அரிக்கும், காரமும் அரிக்கும். வாஷிங் சோடாவால் அலுமினியக் குண்டான் கறுத்துப்போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: புளிக்கு மசியவில்லை என்றதும் கை தானாகப் பாத்ரூம் ஆசிட் பக்கம் போகும், அல்லது கம்பி நார் பக்கம். நானே ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டுத் தேய்த்தேன். அழுக்கு போனது, கூடவே லேக்கரின் பளபளப்பும் போனது. வெயிலில் பார்த்தால் வட்டவட்டக் கீறல் இன்றும் தெரிகிறது.

சாம்பல், பற்பசை, கோலா எல்லாவற்றையும் விட்டுவிடலாம். தேங்காய் எண்ணெயை மட்டும் விட முடியாது. கழுவி முடித்து மினுமினுப்புக்காக எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது டிஸ்க்கில் ஒழுகினால் பிரேக் பிடிக்காது. புதுத் தார் ஒட்டியிருந்தால் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், அதோடு சரி. அதே மாதிரி, போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போகும் வெள்ளை உப்புக்கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் நன்றாகவே உதவும். தடவி, துடைத்து, அலசிவிடலாம்.

மற்றபடி வீட்டிலிருந்து எடுக்க வேண்டியது ஒரு வாளித் தண்ணீர், ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், பழைய பெயின்ட் பிரஷ், கிழிந்த பனியன். சக்கரம் ஆறியிருக்க வேண்டும். காய்ந்த பொடியை ஊதியோ தட்டியோ மூச்சில் ஏற்றிக்கொள்ளாமல் முதலில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் அழுக்கு முற்றவே முற்றாது. ஏற்கெனவே முற்றிப்போன ஆரஞ்சுப் புள்ளிக்கு மட்டும் கடையில் விற்கும் இரும்புத்துகள் நீக்கி வேண்டும். அதில் பெரும்பாலும் இருப்பது தையோகிளைக்கோலேட். பியூட்டி பார்லரில் முடி சுருட்டும் மருந்தின் நாற்றம் அடிக்கும். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக வழியும். அதையும் காயவிடாமல் அலசிவிட வேண்டும்.

கழுவியபின் வண்டியை அப்படியே நிறுத்திவைத்தால் மறுநாள் டிஸ்க்கில் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருக்கும். போன வாரம் அதற்கும் எதிர்வீட்டுக்காரர் எலுமிச்சையோடு வந்தார். "சாவியை எடுங்க சார்" என்று சொல்லி, தெருமுனை வரை மெதுவாகப் போய் நாலு தடவை பிரேக் மிதித்துத் திரும்பினோம். துரு போயிருந்தது.